இருபத்திரண்டாம் தொட்டியின் சொட்டை

கண்களை மூடிக்கொண்டுதான் ஒவ்வொரு தொட்டியின் முன்னாலும் வந்து நிற்கிறார். யாராவது முழங்கையைப் பிடித்து அழைத்து வரவேண்டும். இந்த வருடம் அந்த வேலை எனக்கு. "வந்தாச்சா?" என்பார். "வந்தாச்சு" என்றதும் மூச்சை இழுத்துவிட்டுச் சட்டென்று கண்ணைத் திறப்பார். மூன்று எண்ணுவதற்குள் மறுபடி மூடிக்கொள்வார். "முதல்ல அந்த வளைஞ்ச கட்டை. அப்புறம் பின்னாடி இருக்கற வெளிச்சம். மீனு கடைசியா. எழுதிக்குங்க" என்பார். எழுதிக்கொள்வேன். அடுத்த தொட்டிக்கு நகர்வோம்.

முப்பது தொட்டிகளுக்கும் இப்படித்தான். வழியில் நாற்காலியில் இடித்துக்கொண்டால்கூடக் கண் திறப்பதில்லை. ஏன் இந்தப் பாடு என்று கேட்டேன். முதல் பார்வை ஒரே ஒரு தடவைதான் கிடைக்கும் என்றார். "அதை நடந்து வரும்போதே ஓரக்கண்ணால செலவழிச்சுட்டா, அப்புறம் எந்தக் கடையில போய் வாங்கறது?"

நீர்த்தோட்டப் போட்டியின் மூன்று நடுவர்களில் ஒருவர் இவர். கண்ணாடித் தொட்டிக்குள் கல்லையும் கட்டையையும் அடுக்கி, செடி நட்டு, மலையோ காடோ ஆற்றங்கரையோ நம் கண்முன் நிறுத்தி, அதற்குள் மீன்களை வாழவிடுவதுதான் நீர்த்தோட்டம். ஆனால் இவருடைய தொழில் முடி வெட்டுவது.

இரண்டு நாற்காலிகள், சுவர் முழுக்க ஒரே கண்ணாடி, ஓயாமல் தும்மும் ஒரு வெந்நீர்க் குழாய்: இதுதான் அவர் கடை. ஆண், பெண், குழந்தை எல்லாத் தலையும் அங்கே சமம். தெருவில் எல்லோருக்கும் அவர் கத்தரி அக்கா. ஐம்பத்திரண்டு வயது, குட்டையான உருவம், நெற்றிக்கு மேலே ஏற்றிவிட்ட மூக்குக்கண்ணாடி. அதை எங்கே வைத்தோம் என்று நாளுக்கு நாலு தடவை தேடுவார். ஆறு வருடமாக என் தலையை அவரிடம்தான் ஒப்படைத்திருக்கிறேன். பக்கத்து முடியை எடுத்து நடுவில் போட்டு மறைக்க முடியுமா என்று ஒருமுறை தயங்கித் தயங்கிக் கேட்டேன். கத்தரியை நிறுத்திவிட்டு, கண்ணாடியில் என்னை நேராகப் பார்த்தார். "மறைக்கலாம். காத்து அடிக்காத ஊருக்குக் குடிபோறதா இருந்தா" என்றார்.

கடையை ஒட்டினாற்போல் ஒரு வளர்ப்பு மீன் கடை. வாடிக்கையாளர் இல்லாத நேரங்களில் அங்கே போய் ஒரு முக்காலியைப் போட்டு உட்கார்ந்துவிடுவார். ஒன்பது வருடத்துக்கு முன்னால் ஒருநாள் கடைக்காரர் போட்டிக்காக ஒரு தொட்டியை அடுக்கிவிட்டு, எங்கேயோ உதைக்கிறது, எங்கே என்றுதான் தெரியவில்லை என்று புலம்பிக்கொண்டிருந்தார். இவர் எட்டிப் பார்த்துவிட்டு, பெரிய கல்லை நடுவில் வைத்ததுதான் கோளாறு என்றார். "நடு வகிடு எல்லா முகத்துக்கும் ஒத்துவராது. கொஞ்சம் ஓரமாத் தள்ளுங்க." தள்ளினார். அந்த வருடம் அவருக்கு முதல் பரிசு. மேடையிலேயே உண்மையைச் சொல்லிவிட்டார். போட்டி நடத்தும் சங்கத்தில் இரண்டு பேர், முடி வெட்டுகிறவருக்கு இதில் என்ன தெரியும் என்று முனகினார்கள். சரி, சோதித்துப் பார்த்துவிடலாம் என்று பத்துத் தொட்டிகளைக் காட்டினார்கள். ஒவ்வொன்றிலும் செடியைக் கடைசியாக எப்போது வெட்டினார்கள் என்பதைத் தேதி தவறாமல் சொன்னார். முனகியவர்கள் இரண்டு பேரும் இப்போது அவருடைய வாடிக்கையாளர்கள்.

அந்தத் தேதி விஷயம் சின்னதல்ல. நேற்று வெட்டிய செடி முனை பழுத்து, மொட்டையாக நிற்கும். ஒரு மாதம் விட்டுவிட்டால் ஒன்றன்மேல் ஒன்று விழுந்து அடியில் இருப்பது அழுகும். "வெட்டின மூணாவது வாரம்தான் தலையும் அழகு, செடியும் அழகு" என்பது அவர் கணக்கு. நல்ல போட்டியாளர் நடுவர் வரும் நாளிலிருந்து பின்னோக்கி எண்ணிக் கத்தரி வைப்பார்.

மதிப்பெண் நூற்றுக்கு. மீனுக்கு அது வாழத் தகுந்த இடமா என்பதற்குத்தான் ஆகப் பெரிய பங்கு, முப்பது. காட்சி அமைப்புக்கு இருபத்தைந்து. மிச்சம் செடிகளின் ஆரோக்கியம், கைத்திறன், புதுமை என்று பிரிந்துபோகும். மூன்று நடுவர்களும் தனித்தனியாகச் சுற்றுவார்கள், ஒருவரோடொருவர் பேசக்கூடாது. தொட்டிகளில் எண் மட்டும்தான் ஒட்டியிருக்கும், பெயர் இருக்காது. போட்டியாளர்கள் அறுபது நாள் போட்டி நடக்கும் மண்டபத்துக்கே வந்து தங்கள் தொட்டியைப் பராமரிப்பார்கள். ஆனால் மதிப்பிடும் நாளில் வெளியே உட்கார்ந்திருக்க வேண்டும். நடுவரிடம் வாய் திறந்தாலும் சரி, தொட்டியில் ஒரு துண்டுச் சீட்டு ஒட்டினாலும் சரி, ஆட்டம் காலி.

இரண்டாவது சுற்றில் கத்தரி அக்கா குந்தி உட்காருவார். மீனின் கண் மட்டத்துக்கு இறங்கினால்தான் அது எதைப் பார்த்து வாழ்கிறதென்று தெரியுமாம். பாதை பின்னால் போகப் போகக் குறுகுகிறதா, சின்ன இலை பின்னாலும் பெரிய இலை முன்னாலும் இருந்து ஆழம் காட்டுகிறதா, கட்டையை ஒட்டிய பசை தெரிகிறதா, கல்லிடுக்கில் பாசி ஏறியிருக்கிறதா என்றெல்லாம் துருவுவார். "மேல சீவிவிட்டா எல்லாத் தலையும் நல்லாத்தான் இருக்கும். நான் மயிர்க்காலைத்தான் பாப்பேன்" என்பார். மூன்றாவது சுற்றில்தான் பேனா.

இத்தனை கறார் பேசுகிறவரின் வீட்டில் இருக்கும் ஒரே தொட்டியைப் பார்த்தால் சிரிப்பு வரும். அது அவர் கணவருடையது. லிஃப்ட் பழுது பார்க்கிறவர்; நாளெல்லாம் இண்டு இடுக்கில் முடங்கி வேலை செய்கிறவர். தொட்டியில் செடி தன்போக்கில் வளர்ந்து, மீன் எங்கே இருக்கிறதென்று தேடத்தான் வேண்டும். மனைவி கத்தரியோடு பக்கத்தில் வந்தாலே குறுக்கே நின்றுவிடுவார். "வெளியிலதான் நீ நடுவர். இங்க நீ பார்வையாளர். உக்காந்து பாரு" என்பார். உட்கார்ந்து பார்ப்பார், பல்லைக் கடித்துக்கொண்டு.

இந்த வருடப் போட்டியில் இருபத்திரண்டாம் எண் தொட்டிக்கு வந்தோம். ஓர் ஆற்றங்கரை. மரத்தடி வேர்கள் தண்ணீருக்குள் இறங்குவது போல மெல்லிய கட்டைகள், அவற்றுக்குக் கீழே மணல், மணலை மூடிப் படர்ந்த குட்டைப் புல். கண்ணைத் திறந்ததும் "அடடா" என்றார். அன்றைக்கு அதுவரை ஏழு தொட்டிகளுக்கு மட்டுமே கிடைத்த வார்த்தை அது. ஆனால் இரண்டாவது சுற்றில் முகம் சுருங்கிவிட்டது. முன்பக்கம் வலது ஓரத்தில், உள்ளங்கை அகலத்துக்குப் புல்லே இல்லை. வெறும் மணல், அதில் ஒரு பள்ளம். அதன் மேலே சுண்டுவிரல் நீளத்தில் இரண்டு மீன்கள் அசையாமல் நின்றன. மற்ற மீன்களெல்லாம் கூட்டமாகப் போய் வந்துகொண்டிருக்க, இவை இரண்டு மட்டும் நகரவே இல்லை.

மூன்றாவது சுற்றில் மீனுக்கான முப்பதில் ஒன்பது போட்டார். காட்சி அமைப்பிலும் குறைத்தார். போட்டியாளருக்கு எழுதிக் கொடுக்க வேண்டிய குறிப்பில், "முன்பக்கம் சொட்டை. இரண்டு மீன்கள் சோர்ந்திருக்கின்றன. கவனிப்பு இல்லை" என்று எழுதிக் கையெழுத்திட்டார். அவருக்கே மனசு கேட்கவில்லை என்பது நடையில் தெரிந்தது. இவ்வளவு அழகாகக் கட்டிவிட்டுக் கடைசி வாரம் கோட்டை விட்டுவிட்டார்களே என்று இரண்டு தொட்டி தாண்டியும் அங்கலாய்த்துக்கொண்டே வந்தார்.

தாள்களை ஒப்படைத்தாயிற்று. சங்கச் செயலாளர் உறையில் போட்டு ஒட்டினார். கூட்டல் போட்டு முடிவு வாசிக்க அரை மணி நேரம் இருந்தது. மற்ற இரண்டு நடுவர்களும் தேநீருக்குப் போனார்கள். ஒருவர் கல்லூரியில் தாவரவியல் நடத்தும் பேராசிரியை; இன்னொருவர் காடு மலை என்று திரியும் புகைப்படக்காரர். கத்தரி அக்கா மட்டும் என்னைக் கூட்டிக்கொண்டு மறுபடி தொட்டிகளிடம் போனார். வருடா வருடம் போவாராம். பேனா இல்லாமல், மார்க் நினைப்பு இல்லாமல், சும்மா பார்ப்பதற்கு. "இவ்வளவு நேரம் குத்தம் கண்டுபிடிச்சோம்ல. இனிமே கண்ணுக்குச் சாப்பாடு" என்றார்.

பிடித்த தொட்டிகளின் முன்னால் நின்று நின்று, இருபத்திரண்டுக்கு வந்ததும் தரையிலேயே சம்மணம் போட்டு உட்கார்ந்துவிட்டார். வேர்களைப் பார்த்தார், புல்லைப் பார்த்தார். அப்போது ஒரு நத்தை, தன்பாட்டில் ஊர்ந்து அந்தச் சொட்டையின் ஓரத்துக்கு வந்தது. நின்றுகொண்டிருந்த இரண்டு மீன்களில் பெரியது அம்பு மாதிரி பாய்ந்து நத்தையை முட்டியது. ஒரு தடவை இல்லை, நாலு தடவை. நத்தை ஓட்டுக்குள் சுருங்கி உருண்டு போனது. மீன் திரும்பி வந்து பழைய இடத்தில் நின்றது.

"இது சோர்ந்த மீனு இல்லையே" என்றார் மெதுவாக.

நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கினார். மூக்கு தொட்டியில் படும் அளவுக்குக் குனிந்தார். சின்ன மீன், பள்ளத்துக்கு மேலே நின்ற இடத்திலேயே துடுப்பால் விசிறிக்கொண்டிருந்தது. பள்ளத்துக்குள் மணல் நெளிந்தது. இன்னும் கூர்ந்து பார்த்தபோது அது மணல் இல்லை. எழுத்துக்கு நடுவில் போடுகிற காற்புள்ளி அளவில், வாலை ஆட்டிக்கொண்டு நூற்றுக்கணக்கான குஞ்சுகள். அப்பா காவல் நிற்கிறது, அம்மா விசிறிக்கொண்டிருக்கிறது. புல்லைப் பிடுங்கி எறிந்து, மணலைத் தோண்டித் தொட்டில் கட்டியது அவை இரண்டும்தான்.

கத்தரி அக்கா வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். தோள் குலுங்கியது. சிரிப்பு நிற்பதற்குள்ளேயே முகம் மாறியது. எழுந்து, முழங்கால் தூசியைக்கூடத் தட்டாமல் செயலாளரிடம் விரைந்தார்.

செயலாளர் நல்ல மனிதர். ஆனால் விதிப்புத்தகத்தை மார்போடு அணைத்துக்கொண்டிருப்பவர். உறையை ஒட்டியாயிற்று, இனிமேல் ஒன்றும் செய்ய முடியாது என்றார்.

"கோந்து போட்டுத்தானே ஒட்டினீங்க? சிமெண்ட் இல்லையே."

அவர் புத்தகத்தைப் புரட்டினார். அதிலேயே ஒரு வழி இருந்தது. முடிவு வாசிப்பதற்கு முன்னால், மூன்று நடுவர்களும் அதே தொட்டியின் முன் கூடி நின்று ஒப்புக்கொண்டால், போட்ட மதிப்பெண்ணைத் திருத்தலாம். இத்தனை வருடத்தில் யாரும் அதைக் கேட்டதில்லை. தான் பார்த்தது தவறு என்று எந்த நடுவரும் வலிய வந்து சொன்னதில்லை.

தேநீர்க் கோப்பையும் கையுமாகப் பேராசிரியையும் புகைப்படக்காரரும் வந்தார்கள். பேராசிரியை பார்த்ததுமே, "அய்யோ, பிள்ளை பெத்த வீட்டுக்குள்ளயா நாம மூணு தடவை எட்டிப் பாத்தோம்?" என்று குரலைத் தாழ்த்திக்கொண்டார். புகைப்படக்காரர் லேசில் மடங்கவில்லை. வயதில் இளையவர், கண்ணில் கத்தி வைத்திருப்பவர்.

"யாரு பிடுங்கினாலும் ஓட்டை ஓட்டைதானே அக்கா. படத்துல அங்க கண்ணு தடுக்குது. நாம பாவம் பாத்து மார்க் போட முடியாது."

"நான் பாவம் பாக்கச் சொல்லலை தம்பி. அமைப்புக்குக் குறைச்சீங்கல்ல, அது அப்படியே இருக்கட்டும். நானும் அதைத் தொடலை. ஆனா மீனுக்குன்னு முப்பது மார்க் எதுக்கு வெச்சிருக்கோம்? இந்த இடம் வாழ லாயக்கான்னு கேக்கறதுக்கு. நம்ம மூணு பேரைக் கேக்கறதுக்கு முன்னாடியே மீனு பதில் சொல்லிடுச்சு. நான் அதைத் தப்பாப் படிச்சுட்டேன்."

புகைப்படக்காரர் கோப்பையைக் கீழே வைத்துவிட்டுக் குந்தினார். எழுந்திருக்க வெகுநேரம் ஆயிற்று. செயலாளரிடம் தன் தாளைக் கேட்டு வாங்கி, மீனுக்கான கட்டத்தில் பதினான்கை அடித்து இருபத்தாறு என்று எழுதினார். பேராசிரியையும் ஏற்றினார். கத்தரி அக்காவின் ஒன்பது, இருபத்தெட்டாயிற்று. பிறகு குறிப்புத் தாளை எடுத்தார். "கவனிப்பு இல்லை" என்ற வரியின் மேல் ஒற்றைக் கோடு போட்டார். கிறுக்கி அழிக்கவில்லை, அடியில் இருப்பதைப் படிக்க முடிந்தது. பக்கத்தில், "கவனிக்காதது நான்" என்று எழுதினார்.

மண்டபம் நிறைந்தது. முதல் பரிசு ஒன்பதாம் எண்ணுக்கு. பனி மூடிய மலை போல ஒரு தொட்டி, அதில் யாருக்கும் மாற்றுக் கருத்து இல்லை. இரண்டாவது, இருபத்திரண்டு. திருத்தாமல் விட்டிருந்தால் அது பதினொன்றாவதாகப் போயிருக்கும் என்று செயலாளர் பிறகு என்னிடம் சொன்னார். கத்தரி அக்கா ஒலிபெருக்கியை வாங்கி, தான் எழுதியது என்ன, அது எப்படித் தவறு, எப்போது தெரிந்தது என்று மூன்று நான்கு வாக்கியங்களில் சொல்லிவிட்டார். கடைசி வரிசையில் வேலை உடுப்போடு நின்றிருந்த அவர் கணவர்தான் முதலில் கை தட்டினார்.

கடைசிக்கு முந்தின வரிசையிலிருந்து இருபத்திரண்டாம் தொட்டிக்காரர் எழுந்து வந்தார். நாற்பது வயது இருக்கும். நடந்தால் சத்தமே வராத நடை. ஆஸ்பத்திரியில் துணி வெளுக்கும் பிரிவில் வேலை. மூன்று வருடமாகப் போட்டியிடுகிறார்; பத்துக்குள் வந்ததில்லை. அவரிடம் கத்தரி அக்கா ஒரே கேள்விதான் கேட்டார். நாலைந்து நாளாகவே இது தெரிந்திருக்குமே, மீன்களை விலக்கிவிட்டு அந்த இடத்தில் புல்லை நட்டிருக்கலாமே, ஏன் நடவில்லை?

அவர் கையைப் பிசைந்தார். நடுவதற்காக வீட்டிலிருந்து புல் கொண்டுவந்ததாகவும், இடுக்கியைத் தண்ணீருக்குள் விட்டதாகவும் சொன்னார். அப்பா மீன் இடுக்கியோடு சண்டைக்கு வந்ததாம்.

"எனக்குப் பிரசவ வார்டுத் துணிங்க. பத்து வருஷமா அங்க போய் எடுக்கறேன். கதவைக்கூடச் சத்தம் வராமச் சாத்திப் பழகிட்டேன். மார்க் போயிடும்னு தெரியும். ஆனா கை வரலை மேடம்."

"மேடம் இல்ல, அக்கா" என்றார் கத்தரி அக்கா. பிறகு அந்த மனிதருடைய தலையை ஏற இறங்கப் பார்த்தார். "யாரு வெட்டினது? பின்னாடி ஒரு பக்கம் ஏறியிருக்கே."

"சம்சாரம்."

"நல்லாத்தான் வெட்டியிருக்காங்க" என்றார். நானறிந்து அவர் சொன்ன ஒரே பொய் அதுதான்.

கணவர் கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து சேர்ந்தார். வீட்டுத் தொட்டிக்கும் ஒரு மறுமதிப்பீடு கேட்டு மனுப் போடலாமா என்று என்னிடம் கேட்டார், மனைவி காதில் விழும்படி. அதற்குச் சங்கத்தின் விதியில் இடமில்லை என்று பதில் வந்தது. ஆனால் சொன்னவர் சிரித்துக்கொண்டிருந்தார்.

இதற்குள் விஷயம் பரவிவிட்டது. பரிசு வாங்கியவர்களும் வாங்காதவர்களும், கூட வந்த குடும்பங்களும், குழந்தையைத் தோளில் ஏற்றியவர்களுமாக மொத்த மண்டபமும் இருபத்திரண்டாம் தொட்டியை நோக்கி நகர்ந்தது. எல்லோருக்கும் குஞ்சுகளைப் பார்த்தாக வேண்டும். நாளிதழிலிருந்து வந்த படக்காரர் முண்டியடித்து முன்னால் வந்து, துணி வெளுப்பவரைத் தொட்டிக்குப் பக்கத்தில் நிறுத்தி, நடுவர்களை இந்தப் பக்கம் அந்தப் பக்கம் நகரச் சொல்லி, கேமராவை உயர்த்தினார்.

கத்தரி அக்கா எட்டி அதன் ஃப்ளாஷ் விளக்கைத் தன் உள்ளங்கையால் மூடினார். மூடியபடியே, இன்னொரு கையைக் கூட்டத்தின் பக்கம் நீட்டி, மெல்லக் கீழே தாழ்த்தினார். முன்வரிசை குந்தியது. அதற்குப் பின்னால் இருந்தவர்கள், அதற்கும் பின்னால் இருந்தவர்கள் என்று மண்டபம் முழுவதும் சத்தமில்லாமல் தரையில் உட்கார்ந்தது.